நின்றபடியே குறட்டை விடும் மாடும் வெயில் ஏறிய குளமும்

"தூங்கும்போது இல்ல சார், நிக்கும்போதே குறட்டை விடுது" என்று ஒரு பெரியவர் தன் பசுவை ஓட்டிவந்தார். மூக்கில் ரத்தம் கலந்த சளி. டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே காலிஃப்ளவர் போல சதை வளர்ந்திருந்தது. சளியை நுண்ணோக்கியில் வைத்ததும் பூமராங் மாதிரி வளைந்த முட்டைகள் தெரிந்தன. ஸ்கிஸ்டோசோமா நேசாலே. மாட்டின் மூக்கு ரத்தக்குழாய்களில் குடியிருக்கும் புழு. 1933-ல் இதை விவரித்து எழுதியதே அன்றைய சென்னை மாகாணத்து மாடுகளிலிருந்துதான்.

மாடு குளத்தில் வாய் வைக்கும்போது சளியோடு முட்டையும் தண்ணீரில் விழுகிறது. பொரிந்து வரும் குஞ்சு, பாயைச் சுருட்டியது போல தட்டையாக இருக்கும் இண்டோபிளானார்பிஸ் நத்தைக்குள் புகுந்துவிடும். நத்தைக்குள் ஒன்று பலவாகப் பெருகி, செர்கேரியா என்ற இளம்புழுக்களாக வெளியே வரும். பிறகு நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடித்தால்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்கி நின்றாலே போதும்.

அந்த ஊர்க் குளத்தில் பத்துப் பதினைந்து நத்தைகளை எடுத்து, ஆளுக்கொரு சிறு கண்ணாடிக் குப்பியில் சுத்தமான தண்ணீர் விட்டுப் போட்டேன். நிழலில் இருந்தவரை ஒன்றும் இல்லை. வெயில் படும் ஜன்னலோரம் வைத்த பிறகு ஒரு குப்பியில் தூசு பறப்பது போல ஏதோ அசைந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், வால் நுனி இரண்டாகப் பிளந்த புழுக்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

வெளிச்சமும் வெப்பமும்தான் அவற்றை வெளியே அழைக்கின்றன. தண்ணீர் 15 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் நத்தைக்குள் வளர்ச்சியே மந்தமாகிவிடும். 25 முதல் 30 டிகிரி வரை வேகமாக நடக்கும். அதற்கு மேல் மிகவும் சூடேறினால் நத்தையே தாங்காது. நம் குளங்களோ வருடத்தில் பெரும்பகுதி அந்த நடு அளவில்தான் இருக்கின்றன. அதிலும் கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். நத்தை ஒட்டியிருப்பதும் அங்கேதான், மாடு நிற்பதும் அங்கேதான். நாம் மாட்டை இறக்கும் நேரமும் வெயில் ஏறிய பிறகுதானே?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. செர்கேரியா எதையும் தின்பதில்லை. உடம்பில் இருக்கும் சேமிப்பை வைத்துத்தான் நீந்துகிறது. வெப்பம் கூடக்கூட அது சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால், நத்தை இல்லாமல் வடிகட்டி எடுத்த குளத்துத் தண்ணீரைத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் ஆபத்து நீங்கிவிடும். போர் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. குளம்தான் கதி என்றால் வெயில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் காட்டிவிட்டு ஓட்டிவந்துவிடுங்கள். ஆபத்து முழுக்கப் போகாது, குறையும். வாத்துகளை விட்டால் நத்தையைப் பொறுக்கித் தின்னும்.

எருமைக்கும் இந்தப் புழு வரும், ஆனால் பெரும்பாலும் குறட்டை கேட்காது. அதனால் நாம் கவனிப்பதில்லை. அதன் சளியிலிருந்து புழுவின் முட்டை சத்தமில்லாமல் குளத்தில் விழுந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், கோடையில் குளம் வற்றிவிட்டதே, நத்தை செத்திருக்கும் என்று நம்பாதீர்கள். சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு மறுபடி எழுந்து வரும். அந்தப் பெரியவருக்கும் இதைத்தான் சொன்னேன். மருந்து கொடுத்தேன், ஆனால் அதே கரையில் மறுபடி இறக்கினால் மருந்து வீண். இப்போது அவர் வீட்டு வாசலில் சிமெண்ட் தொட்டி இருக்கிறது.