கதிர்வீச்சு முடிந்த பிறகும் வாய் திறக்க வேண்டும்

“கட்டி போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா சாப்பிடத்தான் முடியல.” தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்து, சில மாதம் கழித்து வருபவர்கள் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். விழுங்கவும் பேசவும் பயிற்சி தருவது என் வேலை. முதலில், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கச் சொல்வேன். சிலருக்கு ஒரு விரலே நுழையாது. வாய்திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தாடை இறுகிவிட்டது என்று கணக்கு.

கதிர் பட்ட தசை மெல்ல மெல்ல நாராகிறது. சிகிச்சை முடிந்து பல மாதம் ஆன பிறகும் இது கூடிக்கொண்டே போகும். வலிக்கிறதே என்று வாயை மூடியே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். அப்புறம் பல் துலக்குவதும் கஷ்டம். உள்ளே புதிதாகப் புண் வந்தால் மருத்துவர் பார்ப்பதும் கஷ்டம்.

விழுங்கும் தசைகளுக்கும் இதே கதிதான். ஆறேழு வார சிகிச்சையில் பாதி கடப்பதற்குள் வாயும் தொண்டையும் புண்ணாகி, பலருக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்க நேர்கிறது. எடை குறையாமல் காப்பாற்றுவது அந்தக் குழாய்தான், பயப்பட வேண்டாம். ஆனால் குழாய் வந்துவிட்டது என்று விழுங்குவதையே நிறுத்திவிடாதீர்கள். பரிசோதித்து அனுமதித்த அளவு, நாலு மிடறு தண்ணீரானாலும், தினமும் விழுங்குங்கள். வாய் திறக்கவும் விழுங்கவும் செய்யும் பயிற்சிகளைக் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே கற்றுக்கொள்வதுதான் நல்லது. புண் வந்த பிறகு கற்பிப்பது எனக்கும் சிரமம், அவர்களுக்குச் சித்திரவதை.

பல் விஷயமும் அப்படியே. உமிழ்நீர் வற்றினால் பல் சீக்கிரம் சொத்தையாகும். கதிர் பட்ட தாடை எலும்போ எளிதில் ஆறாது. எத்தனை வருடம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும், கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லிவிடுங்கள். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம். தீராத அசதியை ‘நோயால் வந்த சோர்வு’ என்று விட்டுவிடாமல், 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: “இன்னும் ரெண்டு வாய்” என்று அவசரப்படுத்தாதீர்கள். அரைமணி நேரம் ஆகும் இடத்தில் ஒரு மணி நேரம் ஆகட்டும், கூடவே உட்கார்ந்திருங்கள். குடித்ததும் இருமல், தண்ணீர் தேங்கியதுபோல் குரல், அடிக்கடி காய்ச்சல் என்றால் உணவு நுரையீரலுக்குள் போகிறதோ என்று பார்க்க வேண்டும். தொண்டை மரத்துப்போன சிலருக்கு இருமலே வராது. இருமல் இல்லாவிட்டாலும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் விழுங்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.