உள்ளங்கையை திருப்பினா உள்ள என்ன நடக்குது? நம்ம மூட்டுகள் அசையற விதம்

முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்கிட்டு, உள்ளங்கை மேல பார்க்கிற மாதிரி கையை முன்னாடி நீட்டுங்க, இப்ப அதை தரையைப் பார்க்க திருப்புங்க. திருப்பினது மணிக்கட்டுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா மணிக்கட்டு மேல கீழ மடங்கும், பக்கவாட்டுல சாயும், இப்படி சுழலாது. சுழல்றது முன்னங்கை. அங்க கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னான்னு ரெண்டு எலும்பு. உள்ளங்கை மேல பார்க்கிறப்ப ரெண்டும் இணையா இருக்கும், கீழ திருப்பினதும் ரேடியஸ் போய் அல்னா மேல குறுக்கா படுத்துக்கும், அல்னா கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே நிக்கும்.

இன்னொரு கை விரலை முழங்கையோட வெளிப்பக்கம், எலும்பு முட்டுக்கு கொஞ்சம் கீழ வச்சு அழுத்திக்கிட்டே திருப்பிப் பாருங்க, தோலுக்கு அடியில ஒண்ணு உருள்றது தெரியும். அதுதான் ரேடியஸோட தலை. ஒரு லிகமென்ட், அதாவது எலும்புகளை சேர்த்துப் பிடிக்கிற நார், அதை வளையமா சுத்திப் பிடிச்சிருக்கு, அந்த வளையத்துக்குள்ளயே அது சுழலுது. இதுக்குப் பேரு முளை மூட்டு. சின்ன குழந்தைங்களுக்கு இந்த பிடி அவ்வளவு இறுக்கமா இருக்காது, அதனால ஒரு கையை மட்டும் பிடிச்சு வெடுக்குன்னு தூக்கினா ரேடியஸோட தலை வளையத்துல இருந்து நழுவிடலாம், குழந்தை கையை அசைக்காம அழும். தயவுசெஞ்சு அப்படி தூக்காதீங்க, அக்குள்ல கை கொடுத்து தூக்குங்க. கழுத்துல முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுலயும் இதே வகை மூட்டுதான். ரெண்டாவது எலும்புல இருந்து ஒரு முளை மேல நீட்டிட்டு இருக்கும், அதைச் சுத்தி முதல் எலும்பு திரும்பும். தலையை இடம் வலமா திருப்பறதுல ஏறக்குறைய பாதி இந்த ஒரே இடத்துல நடக்குது.

ஒரு மூட்டு எந்தப் பக்கம் அசையும்னு முதல்ல முடிவு பண்றது எலும்பு முனையோட வடிவம்தான், அதிக ஆட்டம் வேணும்னா பிடிமானத்தை விட்டுக்கொடுத்தே ஆகணும். தோளும் இடுப்பும் ரெண்டுமே பந்துக் கிண்ண மூட்டு, ஆனா தோள்ல கிண்ணம் ரொம்ப ஆழமில்லாதது, லெமன் ஸ்பூன் ரேஸ்ல ஸ்பூன் மேல எலுமிச்சம்பழம் நிக்கிற மாதிரி பெரிய பந்து சின்ன கிண்ணத்துல நிக்குது. அதை விழாம பிடிச்சு வச்சிருக்கிறதுல பெரிய பங்கு சுத்தி இருக்கிற நாலு தசைகளோடது. அதனாலதான் கையை தலைக்கு மேல தூக்கி முதுகு வரைக்கும் கொண்டு போக முடியுது, அதனாலயேதான் பெரிய மூட்டுகள்ல அடிக்கடி இறங்கிப் போறதும் தோள்தான். இடுப்புல பந்து ஆழமா உள்ள புதைஞ்சு உட்கார்ந்திருக்கு, ஆட்டம் குறைவு, ஆனா உடம்பு பாரத்தை தாங்கிடும், சம்மணம் போட்டு உட்கார்றப்ப தொடை வெளிப்பக்கமா திரும்புதே, அது இந்த மூட்டோட வேலை.

மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவுலயும் மூட்டு இருக்கு, ஆனா பெரியவங்களுக்கு அது அசையறதில்ல. விரலுக்குள்ள இருக்கிற கணுக்கள் (விரல் உள்ளங்கையோட சேர்ற இடம் இல்ல) கதவு கீல் மாதிரி கீல் மூட்டு, மடக்கி நீட்ட மட்டும்தான் முடியும்.

முழங்காலையும் ஸ்கூல் புத்தகத்துல கீல் மூட்டுன்னு போட்டுடறாங்க, எனக்கு அது போதாதுன்னு தோணும். சேர்ல உட்கார்ந்து குதிகாலை தரையில வச்சுக்கிட்டு பாதத்தை உள்ளயும் வெளியயும் திருப்புங்க, முழங்காலுக்குக் கீழ கால் சுழலும். காலை நேரா நீட்டினா அந்த சுழற்சி போயிடும், ஏன்னா நீட்டறதோட கடைசி கட்டத்துல எலும்புகள் ஒண்ணு மேல ஒண்ணு லேசா திரும்பி பூட்டிக்குது, அதனால நின்னுட்டே இருக்கிறப்ப தொடைத் தசைக்கு வேலை குறையுது. மடக்கணும்னா பூட்டைத் திறக்கணும், அதைச் செய்யறது முழங்காலுக்குப் பின்னாடி இருக்கிற பாப்லிட்டியஸ்னு ஒரு சின்ன தசை. கபடி, ஃபுட்பால் ஆடறவங்க பாதம் தரையில ஊன்றி இருக்கிறப்பவே உடம்பை சட்டுன்னு திருப்பினா முழங்காலுக்கு உள்ள தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடிச்சிருக்கிற ஏசிஎல்ங்கிற லிகமென்ட் கிழியறது இந்த சுழற்சி எல்லை மீறிப் போறதாலதான்.

எலும்பு முனைகள் மேல வழுவழுன்னு குருத்தெலும்பு மூடியிருக்கு, அதுல ரத்தக் குழாயும் கிடையாது நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால தேய ஆரம்பிக்கிறப்ப வலியே தெரியாம போகலாம். ரத்தம் போகாததால சாப்பாடு மூட்டுக்குள்ள இருக்கிற வழவழப்பான திரவத்துல இருந்துதான் வரணும், ஆரோக்கியமான முழங்கால்ல அந்த திரவம் சில மில்லிதான் இருக்கும். நடக்கிறப்ப குருத்தெலும்பு அமுங்கி திரவத்தை வெளிய விடும், பாரம் போனதும் திரும்ப உறிஞ்சிக்கும். நடந்தா மூட்டு தேஞ்சிடும்னு பயந்து நடக்கிறதையே சுத்தமா விட்டுடறவங்களைப் பார்த்தா மனசுக்கு கஷ்டமா இருக்கு.

விரல்ல சொடக்கு எடுக்கிறப்ப வர்ற சத்தமும் இதே திரவத்துல இருந்துதான், எலும்பு உரசறதில்ல. மூட்டை இழுத்ததும் உள்ள அழுத்தம் குறைஞ்சு வாயு குமிழி உண்டாகுது. 2015ல கனடாவுல ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்து ஆளுங்க தலைமையில நடந்த ஆய்வுல எம்ஆர்ஐ வீடியோவுலயே அந்த குமிழி உண்டாகறதை பிடிச்சாங்க, சத்தம் வர்றது அப்பதான்னு சொன்னாங்க. 2018ல வந்த ஒரு கணித மாடல், குமிழி பாதி சுருங்கறப்பதான் சத்தம் வருதுன்னு சொல்லுச்சு, அந்த வாதம் இன்னும் முடியல. ஒரு தடவை எடுத்த விரல்ல உடனே மறுபடி சத்தம் வராது, சுமார் 20 நிமிஷம் ஆகும்.