சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு

வேலூர்க்காரர்களைச் சீண்ட ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. பட்டியலில் இன்னும் ஓரிரண்டு உண்டு. அவை அவ்வளவு நாகரிகமில்லை, விட்டுவிடுவோம். சின்ன வயதில் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். இப்போது பிள்ளைகள் யாராவது "தத்துவம்னா என்ன?" என்று கேட்டால், இந்தக் கிண்டலில் இருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

சாமி இல்லையென்றால் அது எப்படிக் கோயில்? கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகள் மூலவர் இல்லாமல் கிடந்தது. 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவரைக்கும் ஊரே அதைக் 'கோட்டைக் கோயில்' என்றுதான் சொன்னது. காபி இல்லாத டம்ளர் டம்ளர்தான். ஆனால் டிக்காஷன் இல்லாத காபி? அது வெறும் பால். ஒரு பொருளிடம் இருப்பவற்றில் எது போனாலும் பரவாயில்லை, எது போனால் பொருளே போய்விடும் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அரிஸ்டாட்டில். பிரிப்பது லேசு என்று தோன்றும். பாலாற்றில் போய் நின்று பாருங்கள்.

வருஷத்தில் பெரும்பாலான நாள் அங்கே மணல்தான். தோண்டினால் ஊற்று வரும். தண்ணீர் கீழே இருக்கிறது. ஆறு என்றால் ஓடும் தண்ணீர் என்றால், பாலாறு கோடை வந்தால் செத்து, மழை வந்தால் பிறக்க வேண்டும். ஆறு என்றால் மணல் படுகை என்று சொல்லிப் பார்க்கலாம். அப்படியென்றால் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது "ஆறு வருது, ஆறு வருது" என்று பாலத்துக்கு ஓடினோமே, படுகை எங்கே வந்தது?

புதிர்கள் வேலை செய்யும் விதம் இதுதான். ஒவ்வொன்றாகக் கேட்டால் "சரி" என்று தலையாட்டும் இரண்டு மூன்று வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டியபின் முடிவைப் பார்த்தால் அபத்தமாக இருக்கும். அப்போது ஏதோ ஒரு "சரி"யைத் திரும்ப வாங்கியாக வேண்டும். எதை என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டை 2,000 வருஷத்துக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறது.

அதே ஆற்று மணலை வைத்தே இன்னொன்றைப் பார்க்கலாம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் ஊரைச் சேர்ந்த யூபுலிடீஸ் என்ற கிரேக்கர் பெயரில் வழங்கும் புதிர். 10 லட்சம் மணல் துகள் ஒரு குவியல்; இதற்குச் சரி. குவியலில் இருந்து ஒரே ஒரு துகளை எடுத்தால் அது குவியல் இல்லாமல் போய்விடாது, இதற்கும் சரி. இந்த இரண்டாவது "சரி"தான் பொறி. 9,99,999 துகளும் குவியல், 9,99,998 துகளும் குவியல் என்று இறங்கிக்கொண்டே வரலாம். விநாடிக்கு ஒன்றாக எடுத்தால் ஏறத்தாழ பதினொன்றரை நாள் ஆகும். கடைசியில் உங்கள் உள்ளங்கையில் ஒற்றைத் துகள் இருக்கும், அதையும் குவியல் என்றே சொல்ல வேண்டிவரும்.

எங்கே தப்பு? எங்கோ ஒரு துகளில் குவியல் முடிந்துதான் இருக்கும், அது எந்தத் துகள் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வராது என்கிறார் திமோத்தி வில்லியம்சன் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் மனுஷன் விடாமல் வாதாடுகிறார். இன்னொரு வழி, 'குவியலா இல்லையா' என்று கேட்பதை விட்டுவிட்டு 'எவ்வளவு குவியல்' என்று கேட்பது. 1965-இல் லோட்ஃபி ஸாடே என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கான கணக்கைக் கொடுத்தார். வாஷிங் மெஷின்மேல் 'ஃபஸி லாஜிக்' என்று போட்டிருப்பது அதிலிருந்து வந்ததுதான். அழுக்கு, அழுக்கில்லை என்று இரண்டாகப் பிரிக்காமல் கொஞ்சம் அழுக்கு, ரொம்ப அழுக்கு என்று கணக்குப் போடுகிறது. எனக்கு இது பிடித்த பதில்தான். ஆனாலும், எந்தத் துகளை எடுத்ததும் 'முழுக் குவியல்' 'கொஞ்சம் குறைந்த குவியல்' ஆனது என்று கேட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். சட்டம் இதிலெல்லாம் மாட்டாது, கோடு போட்டுவிடும். ஓட்டுப் போடும் வயது 21 என்றிருந்ததை 1989-இல் 18 ஆக்கினார்கள். முதல் நாள் சிறுவன், மறுநாள் வாக்காளன்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைப்பவர்கள் பாலாற்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு வண்டி மணல் எடுத்தால் ஆறு கெட்டுப்போகாது. அதற்கடுத்த வண்டியாலும் கெட்டுப்போகாது. மணல் அள்ளிய ஒவ்வொருவரும் சொன்னது யூபுலிடீஸின் இரண்டாவது வாக்கியத்தைத்தான். ஒவ்வொருவர் சொன்னதும் உண்மைதான். மணல்தான் இல்லை.

தன்னையே சுட்டிக்கொள்ளும் புதிர்கள் வேறொரு வகை. 'இந்தச் சுவரில் எழுதாதே' என்று எழுதிய சுவரையும், 'கடன் நாளை' என்று பலகை மாட்டிய மளிகைக் கடையையும் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் அப்பாவின் சைக்கிளுக்கு வருவோம். காட்பாடியில் ஒரு சைக்கிள் கடையில் வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்: டயர், செயின், ரிம், ஹேண்டில்பார், சீட். "எல்லாத்தையும் மாத்திட்டீங்களே, இது அதே சைக்கிளா?" என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர்தான் பதில் சொன்னார். "பிரேம்தான் தம்பி சைக்கிள். மத்ததெல்லாம் போட்டுக்கிறது." அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு வருஷம் கழித்து பிரேமும் விரிசல் விட்டது, அதையும் மாற்றினார்கள். அப்பா அதே சைக்கிள் என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

புளுடார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதிய தீசியஸ் கப்பல் கதை இதேதான். வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பலகை உளுத்துப்போக உளுத்துப்போகப் புதுப் பலகை போட்டுக் காப்பாற்றினார்கள். அது அதே கப்பலா என்று அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி இதில் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் செய்தால்? தீசியஸ் கப்பல் எது, இதுவா அதுவா? நம் சைக்கிள் கடைக்காரர் ஹாப்ஸைப் படித்தவரில்லை. ஆனால் கழற்றிய சாமானையெல்லாம் கடைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்து, பழைய பிரேமுக்கு வெல்டிங் வைத்து, தன் மகனுக்கு ஒரு சைக்கிள் பூட்டிக் கொடுத்துவிட்டார். ஒருநாள் இரண்டும் கடை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பெல்லு மட்டும் அதுலதான் நல்லா அடிக்குது" என்றார்.

மாவட்டங்களின் கதை இதைவிடச் சிக்கல். வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் சித்தூர்தான் தலைநகரம். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் போனது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சம் கொஞ்ச காலம் 'வட ஆற்காடு அம்பேத்கர்' என்று இருந்து, அப்புறம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. இதில் பிரேம் எது? வேலூர் என்றால், ஆற்காடு ஊரே இப்போது அங்கே இல்லை. ராணிப்பேட்டை என்றால், ஆற்காட்டை வைத்திருக்கிறதே தவிர அது 2019-இல் பிறந்த மாவட்டம். எல்லாத் துண்டும் சேர்ந்ததுதான் என்று சொன்னால், சித்தூரைத் தேடிக்கொண்டு ஆந்திரா போக வேண்டும். வட ஆற்காடு செத்துப்போனது என்றும் சொல்லலாம். ஆனால் செத்த தேதி எது? ஒவ்வொரு பிரிவினையும் ஒரு துகளை எடுத்தது மாதிரிதானே.

எங்கள் அப்பா ஆற்காட்டில் பிறந்தவர். பள்ளிச் சான்றிதழில் 'வட ஆற்காடு' என்று இருக்கிறது. போன மாதம் ஏதோ ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். 'பிறந்த மாவட்டம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. "என்னடா போடறது?" என்றார். எனக்குத் தெரிந்த நாலு பதிலையும் அவற்றின் சிக்கலையும் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, 'ஆற்காடு' என்று மட்டும் எழுதி மூடினார்.