முதல் டிராக் டேக்கு முன்: பிரேக் ஆயில், டயர், நட், கொடி

சொந்தக் காரை முதன்முறையாகப் பந்தயத் தடத்தில் ஓட்டப் பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். இந்த எஞ்சின் போதுமா? எக்ஸாஸ்ட்டை மாற்றலாமா? ஏர் ஃபில்டர் மாற்றினால் வேகம் கூடுமா? போதும், வேண்டாம், முதல் நாளுக்குத் தேவையே இல்லை. ஒழுங்காகப் பராமரித்த சாதாரண ஹேட்ச்பேக்கே தாராளம். மதியத்துக்குள் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் காரணங்கள் எல்லாம் வேறு: கொதித்துப்போன பிரேக் ஆயில், தகடு தெரியும்வரை தேய்ந்த பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை), தளர்ந்த நட், கிழிந்த டயர். இவற்றில் பலவும் அங்கே போன பிறகு எளிதில் சரிசெய்யக்கூடியவை இல்லை. ஆகவே இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

டிராக் டே என்பது பந்தயம் அல்ல. பரிசும் இல்லை, தரவரிசையும் இல்லை. பல ஏற்பாட்டாளர்கள் சுற்றுக்கான நேரத்தைக் கணக்கிடவே அனுமதிப்பதில்லை. ஓட்டுநர்களை அனுபவப்படி குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 15 முதல் 20 நிமிடம் வரை தடத்தைத் திறந்துவிடுவார்கள். கேட்க எளிதாக இருக்கும் அந்த 20 நிமிடத்தில் காருக்கு என்ன நேர்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

சூடு எங்கே போகிறது

1400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது பிரேக்குகள் விழுங்கும் ஆற்றல் சுமார் 0.2 மெகாஜூல். அதே கார் நேர்ப்பாதையின் முடிவில் 180-இலிருந்து 80-க்கு இறங்கும்போது அது சுமார் 1.4 மெகாஜூல், அதாவது ஏழு மடங்கு. நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. அதை நான்கு டிஸ்க்குகள், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகள், நான்கைந்து நொடிக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த நிமிடமே மறுபடியும். சாலையில் பத்து வருடம் குறையே சொல்லாத பிரேக், தடத்தில் நான்காவது சுற்றில் கைவிடுவது இதனால்தான்.

முதலில் தோற்பது பெரும்பாலும் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எதிர்பார்க்கக்கூடிய குறைந்த அளவு 155 டிகிரிதான். டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதிக்கிற விசை முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்து, பெடல் தரைவரை போய்விடும்.

எனவே ஆயிலைப் போன வருடம்தான் மாற்றினேன் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. நாள் நெருங்கும்போது முழுவதையும் மாற்றுங்கள். சாதாரணக் காருக்கு ஒரு லிட்டர் போதும்; முத்திரை பிரிக்காத புதிய கேன் வேண்டும். எந்தச் சக்கரத்திலிருந்து தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் பழைய நிறம் போய், குமிழி இல்லாமல், தெளிந்த ஆயில் வரும்வரை விட வேண்டும். நடுவில் மேல்கலம் காலியாகிவிட்டால் காற்று உள்ளே புகும், முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டியதுதான். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

பேடில் உராய்வுப் பகுதி குறைந்தது 6 மி.மீ. இருக்கட்டும். சாலைக்கு 3 மி.மீ. போதுமே என்று கேட்பார்கள். தேய்ந்து முடிந்துவிடும் என்பது மட்டும் அல்ல காரணம். பேடின் தடிமன்தான் டிஸ்க்கின் சூடு, பேடை அழுத்தும் காலிப்பருக்குள் போகாமல் தடுக்கிறது. பேட் மெலிந்தால் காலிப்பரில் உள்ள பிஸ்டன் சுடும், பிஸ்டன் சுட்டால் ஆயில் கொதிக்கும். புது பேட் போட்டால் உடனே தடத்துக்குக் கொண்டுபோகாமல் பழக்கிவிட வேண்டும்: ஆள் இல்லாத சாலையில் 100-இலிருந்து 20 வரை முழுதாக நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை வேகம் குறைத்து, பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பந்தயத்துக்கென்றே செய்த பேட் முதல் நாளுக்கு வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது அது சரியாகப் பிடிக்காது, வீடு திரும்பும் வழியில் ஆபத்து. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதைவிட மெலிந்திருந்தாலும், விரிசல் விளிம்புவரை ஓடியிருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

தடத்தில் இருக்கும்போது இரண்டு விதத் தோல்வியையும் காலாலேயே பிரித்தறியலாம். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக இருக்கிறது, கார் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பேட் ஆறினால் பெரும்பாலும் தேறிவிடும். ஒருமுறை கொதித்த ஆயிலை நம்பக் கூடாது, குமிழியை வெளியேற்றிப் புது ஆயில் விட்ட பிறகே மறுபடி தடம். பெடல் தரைக்குப் போய்விட்டால் விட்டுவிட்டுப் பலமுறை வேகமாக மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும்.

டயரும் நட்டும்

டயரில் கோட்டின் (பள்ளத்தின்) ஆழம் 3 மி.மீ.யாவது இருக்கட்டும். அதற்காக முந்தைய நாள் புது டயர் மாட்டுவதும் தவறு. புது டயரின் உயரமான ரப்பர் கட்டைகள் நெளிந்து நெளிந்து சூடாகித் துண்டு துண்டாகப் பெயரும். பாதி தேய்ந்த, வயது ஏறாத டயரே சிறந்தது. வயதைப் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் சொல்லும்: 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியதைக் கொண்டுவராதீர்கள், கோடு எவ்வளவு இருந்தாலும் சரி.

காற்றைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். தொடக்கத்துக்கு, தயாரிப்பாளர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அளவையே குளிர்ந்த டயரில் வையுங்கள். ஓடி முடித்து பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்த இரண்டு நிமிடத்துக்குள் அளந்தால் 6 முதல் 10 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை ஏறியிருக்கும். ஏறிய அழுத்தத்தில் டயர் நடுவில் உப்பி, தரையோடு படும் பரப்பு குறையும். குளிர்ந்த அளவைவிட 4, 5 பி.எஸ்.ஐ. மட்டும் கூடுதலாக இருக்கும்படி சூட்டிலேயே கொஞ்சம் விடுங்கள். அதற்கும் கீழே இறக்கினால் வளைவில் பக்கச்சுவர் மடிந்து அதன் மேலேயே கார் உருளும். பல டயர்களின் தோள்பட்டையில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அதைத் தாண்டிப் பக்கச்சுவருக்கு இறங்கியிருந்தால் காற்று போதவில்லை என்று பொருள். முன்சக்கர இயக்கக் கார்களில் முன்டயரின் வெளித்தோளை ஒவ்வொரு முறையும் பாருங்கள், அங்கேதான் முதலில் போகும்.

சக்கர நட்டை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். கார்களில் பொதுவாக 100 முதல் 140 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கான எண் கையேட்டில் இருக்கும். மரையில் கிரீஸ் பூசாதீர்கள், ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் இன்னொரு முறை சரிபாருங்கள். பிளாஸ்டிக் சக்கர மூடிகளை வீட்டிலேயே கழற்றிவிடலாம். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் ஆடினால் ஸ்டீயரிங் ராடின் முனையைப் பாருங்கள். எந்த ஆட்டம் இருந்தாலும் பதிவை ரத்து செய்வதே மலிவு.

எஞ்சின் ஆயில் அளவுக்குச்சியின் மேல்கோட்டைத் தொட்டு நிற்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். அளவு குறைவாக இருந்தால் ஒரே வளைவில் பேரிங்குகள் போய்விடும். கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள், நுரைக்கும். எங்கிருந்தாவது சொட்டுகிறதா என்று இரவு முழுவதும் அட்டை விரித்துப் பாருங்கள். உங்கள் காரிலிருந்து சிந்தும் ஆயிலில் வழுக்குவது பின்னால் வருகிறவர். பெட்ரோல் சாலையில் ஆவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும், அரை டேங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். பேட்டரி கையால் அசைத்தால் அசையக் கூடாது.

காருக்குள் கட்டப்படாத எதுவும் இருக்கக் கூடாது. தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில், குடை, சீட்டுக்கு அடியில் மறந்துபோன நாணயம் வரை எல்லாம் வெளியே. பலமாகப் பிரேக் போடும்போது பாட்டில் உருண்டு பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொள்வது கற்பனை அல்ல. இழுவைக் கொக்கியை முந்தைய நாளே மாட்டிப் பாருங்கள். சில கார்களில் அதன் மரை இடப்பக்கம் திரும்பும், தெரியாமல் முறுக்கிக் கெடுப்பவர்கள் உண்டு.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பெரும்பாலான சாலைக் காப்பீடுகள் பந்தயத் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. காரை இழந்தாலும் தாங்க முடியுமா என்ற கேள்வியை வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது.

ஓட்டுகிறவர்

ஹெல்மெட் முழுமுக வகையாக, உங்கள் தலைக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். கார் ஓட்டத்துக்கான ஸ்நெல் எஸ்.ஏ. என்ற ஹெல்மெட் பாதுகாப்புத் தரத்தில் தீத்தாங்கும் சோதனையும் உண்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு அது கிடையாது. எது செல்லும் என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முழுக்கைப் பருத்தி உடை, மெல்லிய அடிப்பாகம் கொண்ட மூடிய ஷூ. நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

இருக்கையை வழக்கத்தைவிட நிமிர்த்தி முன்னே கொண்டுவாருங்கள். தோள் சாய்மானத்தைத் தொட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுதாக அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். இதை ஹெல்மெட் போட்டுக்கொண்டே செய்யுங்கள், தலை கூரையில் இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

காலை விளக்கக் கூட்டத்தில் பாதிப்பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே சொல்வது கொடிகளைப் பற்றி. மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறாதபடி படிப்படியாகக் குறைத்து பிட்டுக்குத் திரும்புங்கள். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தடம் வழுக்குகிறது. நீலம், வேகமான கார் உங்களுக்குப் பின்னால். கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் பிட்டுக்கு வா. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உங்கள் காரில் ஏதோ கோளாறு. முந்துவது பெரும்பாலும் நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் இருப்பவர் கையோ இண்டிகேட்டரோ காட்டிய பிறகுதான். நீங்கள் வழிவிடும்போது உங்கள் கோட்டிலேயே இருந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை மட்டும் விடுங்கள். வழிவிடுகிறேன் என்று திடீரென ஒதுங்குவதுதான் மோதலில் முடிகிறது.

முதல் ஓட்டத்தில் பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு வேகம் அல்ல, பிரேக் போடும் விதம். சீக்கிரமே மெதுவாக மிதிக்கத் தொடங்கி, வளைவுக்குள் போன பிறகும் விடாமல் அழுத்துகிறார்கள். சக்கரம் நேராக இருக்கும்போதே உறுதியாக அழுத்தி, வளைவு நெருங்க நெருங்கக் காலைத் தளர்த்த வேண்டும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென விட்டால் எடை முன்னே பாய்ந்து பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், கார் சுழலும். வேகம் அதிகம் என்று தோன்றினால் திரும்பும் முன்பே தோன்ற வேண்டும். கண் எப்போதும் அடுத்த இடத்தில்: பிரேக் போடும்போது வளைவின் உள்முனையில், உள்முனையில் இருக்கும்போது வெளியேறும் இடத்தில். கார் சறுக்குவதைத் தானே தடுக்க முயலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்க வேண்டாம், யார் கேலி செய்தாலும்.

இரண்டு சக்கரம் புல்லில் இறங்கிவிட்டால் வெடுக்கென்று திருப்பாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெல்லத் தளர்த்தி, வேகம் குறைந்தபின் மேலே ஏறுங்கள். திருப்பிய நிலையில் ஒரு சக்கரம் தாரில் பிடித்தால் கார் தடத்துக்குக் குறுக்கே பாயும். சுழலத் தொடங்கிவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதித்து நிற்கும்வரை விடாதீர்கள். அப்போதுதான் கார் எங்கே போகும் என்று மற்றவர்கள் ஊகிக்க முடியும். நின்ற பிறகு தீ இல்லாதவரை இறங்காமல், தடத்தோரம் நிற்கும் பாதுகாப்புப் பணியாளரான மார்ஷலின் சைகைக்குக் காத்திருங்கள்.

கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். சுடும் பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் பதிக்கும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரண்டு நிமிடம் கழித்துக் காரை ஓரடி நகர்த்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. அடுத்த முறைக்குள் பார்க்க வேண்டியவை நான்கு: காற்று, நட், எஞ்சின் ஆயில், பேடின் தடிமன்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டிருங்கள். பிரேக் போடும் இடம் சுற்றுக்குச் சுற்று மாறத் தொடங்கினால் நீங்கள் களைத்திருக்கிறீர்கள். அட்டவணையில் இன்னும் ஓட்டம் மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு அதோடு போதும். காலையில் கற்ற நம்பிக்கையும் மாலையில் வந்த அசதியும் சேரும் கடைசி ஓட்டத்தைப் புதியவர்கள் விட்டுவிடுவதையே பரிந்துரைக்கிறோம்.

கிளம்பும் முன் டயர் ஆறியதும் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள்; சூட்டில் இறக்கியது ஆறியபின் மிகவும் குறைந்திருக்கும். நட்டை இன்னொரு முறை முடுக்குங்கள். பெடல் காலையில் இருந்ததைவிட ஆழமாகப் போகிறது என்றால் சாலைக்கு எடுக்காமல் அங்கேயே ஆயிலை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள், அல்லது காரை ஏற்றிக்கொண்டு போங்கள்.