பின்னங்கால் வராத பூனை: காலை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள்

வண்டியில் அடிபட்டோ மாடியிலிருந்து விழுந்தோ தண்டுவடம் போன பூனை, காப்பகத்துக்கு வந்து சில வாரம் ஆனதும் ஆளே மாறிவிடும். முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு கூண்டெல்லாம் சுற்றும். கம்பிவலையில் தொற்றி ஏறும், பக்கத்துப் பூனையின் தட்டில் வாய் வைக்கும், துடைப்பத்தோடு சண்டைக்கு நிற்கும். பார்க்கிறவர்கள் 'தேறிவிட்டது' என்பார்கள். அந்தத் துறுதுறுப்பை நம்பி மேற்பார்வையைத் தளர்த்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கால் வராமலே பூனை பல வருடம் வாழும். உயிருக்கு உலை வைப்பது சிறுநீர்ப்பை. "போகிற இடமெல்லாம் சொட்டுகிறதே, பிறகென்ன?" என்று கேட்பார்கள். சொட்டுவது கழிப்பதல்ல, நிறைந்த குடம் வழிகிறது. தேங்கிய நீரில் கிருமி வளர்ந்து சிறுநீரகம் வரை ஏறும். ஊதி ஊதிப் பையும் துவண்டுபோகும்.

அதனால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் பிழிந்து எடுக்க வேண்டும். செய்முறையை மருத்துவரிடம் ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் செய்வது நல்லது. பூனையை நிற்கிற வாக்கில் பிடித்து, பின்தொடைக்குச் சற்று முன்னால், அடிவயிற்றின் ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் மற்ற விரல்களுமாக வையுங்கள். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி, எலுமிச்சை அளவில் ஒன்று வழுக்கும். விரல் நுனியால் குத்தாமல், விரல்களைப் படுக்க வைத்து, வால் பக்கமாக ஒரே சீராக அழுத்துங்கள். நீர் வரச் சில நொடி பிடிக்கலாம். வரத் தொடங்கியதும் அழுத்தத்தை விடாதீர்கள். பை சுருங்கி, கைக்குத் தட்டுப்படாமல் போகும் வரை பிடியுங்கள்.

எவ்வளவு வந்தது என்று குறித்து வையுங்கள். நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 80 முதல் 160 மில்லி வரும். கைக்குப் பை பெரிதாகத் தெரிந்தும் நீர் வரவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள், பை கிழிந்துவிடும். முதுகின் நடுப்பகுதியில் அடிபட்டால் சிறுநீர்ப்பையின் வாய்த்தசை இறுகிக்கொள்வது உண்டு, அதைத் தளர்த்த மருந்து இருக்கிறது. நீர் கலங்கலாகவோ, இரத்தம் கலந்தோ, வழக்கத்தைவிட நாற்றமாகவோ வந்தால் அன்றே பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

முதுகெலும்பில் இடுப்புப் பக்கம் அடிபட்டதென்றால் கதை வேறு. தூக்கினாலே ஒழுகும். பிழிவது சுலபம், ஆனால் தொடை எந்நேரமும் ஈரம். நம் ஊர் வெக்கையில் அந்த ஈர முடியில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். முடியை ஒட்டக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடையுங்கள். டெட்டால், ஃபினாயில், டர்பெண்டைன் எதுவும் பூனை இருக்கிற அறைக்கே வரக்கூடாது. டெட்டால், ஃபினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகளை அதன் ஈரலால் முறிக்க முடியாது, மேலே பட்டதையெல்லாம் அது நக்கியும் விடும். குழந்தைகளுக்குப் போடும் துத்தநாகக் களிம்பும் வேண்டாம், அதையும் நக்கி விழுங்கினால் நஞ்சு. மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமாவோ உயிரையே வாங்கிவிடும்.

இன்னொரு ஏமாற்று: பின்விரலைக் கிள்ளினால் கால் சுருங்குகிறது என்று சந்தோஷப்படுவது. அது மூளைக்கு எட்டாமலே நடக்கிற அனிச்சை. வலி தெரிந்தால் தலையைத் திருப்பும், சீறும். இந்த மாதிரிப் பூனை என்றால் கடித்தே வைக்கும்.

கம்பிவலையில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. பின்கால் பிடிமானம் இல்லாததால் பொத்தென்று விழும். வலையின் கீழ்ப்பகுதியை வழவழப்பான தகட்டால் மறைத்து, இரண்டடிக்கு மேற்படாத ஒரு பலகையும் அதற்குச் சரிவும் வைத்தால் ஏறுகிற ஆசையும் தீரும். சொரசொரப்பான சிமெண்ட் தரை முழங்காலைத் தேய்த்துப் புண்ணாக்கும், மேலே விரிப்புப் போடுங்கள். பின்னங்கால் நகம் தேயாமல் வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தும். வலி தெரியாததால் பூனை காட்டிக்கொடுக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வெட்டுங்கள். முன்னங்கால் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடாதீர்கள், அது ஊரெல்லாம் சுற்றுவது அதை நம்பித்தான்.