ஓடவில்லையே, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமா?

ஒரு சிவிங்கிப்புலியை (சீட்டா) வட்டம் கட்டி நிற்கும் சஃபாரி வண்டிகள். இந்தக் காட்சியை இன்னும் எத்தனை முறைதான் பார்ப்பது? கேட்டால் வருவது ஒரே பதில்: “அது சும்மாதானே படுத்திருந்தது, பயந்திருந்தால் ஓடியிருக்காதா?”

ஓடாது. குட்டி புதருக்குள் இருந்தால் தாய் ஓடாது. முட்டைமேல் உட்கார்ந்த பறவை ஓடாது. கோடையில் வேறு குட்டை இல்லையென்றால் தாகத்தோடு வந்த விலங்கும் ஓடாது. அடைகாக்கும் பென்குயின்களை மனிதர் நெருங்கும்போது இதயத் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். பறவை அசையாமல் இருக்கிறது, துடிப்பு மட்டும் ஏறுகிறது.

கென்யாவின் மாசாய் மாராவில் சிவிங்கிப்புலிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. சுற்றுலா குறைந்த பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. கூட்டம் மிகுந்த பகுதியில் 0.2. வண்டி எந்தக் குட்டியையும் ஏற்றிக் கொல்ல வேண்டியதில்லை. பகலில் வேட்டையாடும் விலங்குக்கு வேட்டை கெட்டாலே போதும்.

மேய்கிற மான் தலை தூக்கி உங்களையே பார்க்கிறதா, முன்காலைத் தட்டுகிறதா? நெருங்கிவிட்டீர்கள். யானை காதை விரித்து உங்களை நோக்கித் திரும்பினால் உடனே பின்வாங்குங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவிலோ, தண்ணீருக்குப் போகும் வழியிலோ வண்டியை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே ஐந்து வண்டி நின்றால் ஆறாவது தள்ளிக் காத்திருக்கட்டும். பத்து நிமிடம் பார்த்தாயிற்றா, கிளம்புங்கள். விலங்கு இரைக்குப் பதுங்கும்போது வண்டி நகரவே கூடாது.

ஓட்டுநரை நெருக்காதீர்கள். அன்பளிப்பைக் கூட்டிக் கொடுப்பதென்றால், தள்ளி நிறுத்தியவருக்குக் கொடுங்கள்.

பூங்காவை நடத்துபவர்களுக்கும் ஒன்று. நாளுக்கு இத்தனை வண்டி என்று வாசலில் எண்ணினால் மட்டும் போதாது. “இங்கே இருக்கிறது” என்று ரேடியோவில் ஒரு குரல் போனதும் அத்தனையும் ஓரிடத்தில் குவிந்துவிடும். வழித்தடம் வாரியாகப் பிரித்து அனுப்புங்கள், அந்த அழைப்புகளையும் நிறுத்துங்கள். சில நீர்நிலைகளுக்காவது வண்டிப்பாதையே வேண்டாம். கட்டணத்தில் ஒரு பங்கு, விலங்குகளிடம் பயிரையும் மாட்டையும் பறிகொடுக்கும் எல்லையோர ஊர்களுக்குப் போக வேண்டும். காட்டைச் சகித்துக்கொண்டு வாழ்பவர்கள் அவர்கள்தான்.

படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: செல்பேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். குட்டி போட்ட தாய் எந்தப் புதரில் இருக்கிறது என்று இணையத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.