நானூறில் ஒரு பங்கு டைட்டானிக்

டைட்டானிக்கின் நீளம் 269 மீட்டர். 1:400 அளவு மாடல் கிட்டில் அது 67 சென்டிமீட்டராகச் சுருங்கி மேசைமேல் உட்கார்ந்துவிடுகிறது. நீளத்தை நானூறால் வகுக்கலாம், சரி. பசையையும் பெயின்ட்டையும் வெளிச்சத்தையும் அப்படி வகுக்க முடியாது. மாடல் கட்டுவதில் உள்ள அறிவியல் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அதற்கென்று விற்கும் பசை பெயருக்குத்தான் பசை, உண்மையில் அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும். விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல இடுக்கு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரு பக்கமும் இளகி, நீளநீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். திரவம் ஆவியானதும் மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். ஒட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் இது நடக்காது. அதனால் அந்த இடத்தை மட்டும் முதலில் சுரண்டிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, பாய்மரத்திலிருந்து போகும் கம்பிகளைச் செய்வது. நிஜத்தில் 4 சென்டிமீட்டர் கனமுள்ள கம்பி இங்கே 0.1 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதாக அச்சில் வார்ப்பது கடினம். பாகங்களைத் தாங்கிவந்த சட்டத்தில் ஒரு குச்சியை வெட்டி, மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே உருட்டிக்கொண்டே இருங்கள் (பசைப் புட்டி அடுத்த அறையில் இருக்கட்டும், எளிதில் தீப்பிடிக்கும்). 100 டிகிரியை ஒட்டி அது இளகத் தொடங்கும். நடுப்பகுதி பளபளத்துத் தொய்ந்ததும் சுடரை விட்டு நகர்த்தி, இரு கைகளாலும் இழுத்தால் தலைமுடி போல நீளும், நொடியில் இறுகும்.

இழுத்த இழுப்பில் மூலக்கூறுகள் நீண்டு, அப்படியே உறைந்துவிடுகின்றன. ஒட்டியபின் கம்பி தொய்வாக இருந்தால், கங்கு கனியும் ஊதுபத்தியை அருகே கொண்டுபோங்கள். தொடக் கூடாது. சூடு பட்டதும் மூலக்கூறுகள் பழையபடி சுருள, கண்ணெதிரே கம்பி விறைத்து நேராகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

அப்புறம் பெயின்ட். 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால், கணக்குப்படி நிஜக் கப்பலில் 4 சென்டிமீட்டர் அப்பியதற்குச் சமம். நுண்ணிய வரிகளெல்லாம் மூழ்கிவிடும். அதனால் நீர்க்கக் கரைத்து, பல தடவை பூச வேண்டும். நிறமும் இப்படித்தான். அரை மீட்டரிலிருந்து இந்த மாடலைப் பார்ப்பது, நிஜக் கப்பலை 200 மீட்டரிலிருந்து பார்ப்பதுபோல. அந்தத் தூரத்தில் இடையிலுள்ள காற்றில் வெளிச்சம் சிதறுவதால் கருப்பு முழுக் கருப்பாகத் தெரியாது. கொஞ்சம் சாம்பல் கலந்தால்தான் கண் நம்பும்.

கடைசியாகப் புகைபோக்கிகள். 29 கொதிகலன்களின் புகையும் முன்னாலுள்ள மூன்றின் வழியாகத்தான் வெளியேறியது. நான்காவது, காற்றோட்டத்துக்கும் சமையலறைப் புகைக்கும். ஆகவே மூன்றின் உள்வாயில் கரிப்பொடியைத் தாராளமாகத் தேய்க்கலாம், நான்காவதில் விரல்நுனியால் லேசாக.